அடுப்பு மூட்ட முடியாத பட்டா

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவைப் பார்க்கப் போகிறவர்கள் பலர் தங்கும் தலைமை முகாமின் பெயர் ஸ்குகூசா. உணவகம், பெட்ரோல் பங்க், கடை, பக்கத்திலேயே விமான நிலையம் என்று அது ஒரு சின்ன ஊர். பெயரைக் கேட்டால் ஏதோ பறவையின் பெயர் போலிருக்கும். உண்மையில் அது ஒரு மனிதருக்கு ட்சோங்கா மக்கள் வைத்த பட்டப்பெயர். 1902இல் இந்தக் காட்டுக்கு முதல் வார்டனாக வந்த ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிதான் அந்த மனிதர். 'பெருக்கித் தள்ளுகிறவன்' என்பது பொருள் என்கிறார்கள். வந்தவுடன் அவர் பெருக்கித் தள்ளியது, காட்டுக்குள் குடியிருந்த ஜனங்களை. 1936இல் முகாமுக்கு அந்தப் பெயரையே சூட்டினார்கள். அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தே சூட்டினார்கள்.

ஆட்களை வெளியேற்றிவிட்டுக் காட்டைக் காப்பது என்ற யோசனைக்கு உலகம் முழுக்க வயது நூறைத் தாண்டிவிட்டது. வெளியேற்றப்பட்டவர்கள் ஒருநாள் சட்டத்தோடு திரும்பி வந்து 'இது எங்கள் நிலம்' என்று சொன்னால் என்ன ஆகும்? அதற்கு விடை தேட, ஸ்குகூசாவிலிருந்து வடக்கே, பூங்காவின் கடைசி முனைக்குப் போக வேண்டும். க்ரூகர் தெற்கு வடக்காக ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளம். அதன் உச்சியில் லிம்போபோ ஆறும் லுவுவு ஆறும் கூடும் இடத்தில் முக்கோணமாக ஒரு நிலத்துண்டு இருக்கிறது. பஃபூரி என்பது அதன் பெயர். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பக்கம் ஜிம்பாப்வே, இன்னொரு பக்கம் மொசாம்பிக். பூங்காவின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் பறவை பார்க்கிறவர்களிடம் இந்த இடத்தின் பெயரைச் சொன்னால் முகம் மாறிவிடும். மீன் பிடித்துத் தின்னும் ஆந்தை, பருத்த பாவோபாப் மரங்கள், லானர் பள்ளத்தாக்கு, வெள்ளம் வடிந்தபின் தேங்கி நிற்கும் குட்டைகள் எல்லாம் இங்கே உண்டு. 7,757 ஹெக்டேர் ஈரநிலத்துக்கு 2007இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது.

இங்கே மஞ்சளும் பச்சையுமாகப் பட்டை மின்னும் ஒரு மரம் கூட்டம் கூட்டமாக நிற்கும். 'காய்ச்சல் மரம்' என்று வெள்ளைக்காரப் பயணிகள் பெயர் வைத்தார்கள். அந்த மரத்தடியில் படுத்தவர்களுக்கெல்லாம் குளிர்க்காய்ச்சல் வந்ததால், மரம்தான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் மரம் வளர்கிறது, அதே இடத்தில் கொசுவும் வளர்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. மரம் பழியோடு நின்றுவிட்டது.

மகுலேகே மக்கள் கதையும் ஏறக்குறைய இதுதான். ட்சோங்கா மொழி பேசும் அவர்கள் இரண்டு ஆற்றுக்கும் நடுவே தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். வெள்ளம் வடிந்த வண்டலில் விதைத்தார்கள், குட்டையில் மீன் பிடித்தார்கள், வேட்டையாடினார்கள், பனையில் கள் இறக்கினார்கள். உறவுமுறை மூன்று நாட்டிலும் இருந்தது. எல்லைக்கோடு அவர்களுக்குப் பின்னால் வந்தது. காட்டு விலங்குகள் குறைந்ததற்கு இவர்கள் வேட்டைதான் காரணம் என்று வனத்துறை ஆட்கள் பல ஆண்டுகள் எழுதிவைத்தார்கள். ஆனால் 1896இல் வந்த மாட்டுக் கொள்ளைநோய் இந்தப் பிராந்தியத்தில் எருமைகளையும் மான்களையும் வாரிக்கொண்டு போயிருந்தது. அதன்பின் மூன்று நாட்டு எல்லை சந்திக்கும் இந்த மூலையில் யானைத் தந்தம் கடத்தியவர்களில் பேர்போனவர் ஒரு வெள்ளைக்காரர்: செசில் பார்னார்ட். போலீஸ் வந்தால் ஒரு எட்டில் அடுத்த நாட்டுக்குள் போய்விடலாம் என்பதால் அந்த மூலைக்கே 'திருடர் முனை' என்று பெயர் வந்துவிட்டது. இன்றைக்கு அது சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் இடம்.

1969

க்ரூகருக்கு 1926இல் தேசியப் பூங்கா என்ற தகுதி வந்தது. பஃபூரியையும் அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அதிகாரிகளுக்கு அப்போதிருந்தே உண்டு. 1933இல் அதை ஒரு காப்பகமாகவும் அறிவித்தார்கள். ஆனால் ஜனங்களை அப்புறப்படுத்த முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. அதைச் செய்ய நிறவெறி அரசு தேவைப்பட்டது. அந்த அரசுக்கு எல்லையோரம் காலியாக இருக்க வேண்டும், பூங்கா பெரிதாக வேண்டும், கறுப்பர்களை இனவாரியாகப் பிரித்து 'தாயகங்களில்' அடைக்க வேண்டும். மூன்று காரியமும் ஒரே நடவடிக்கையில் முடிந்தது.

1969இல் ஏறத்தாழ 3,000 பேரை லாரிகளில் ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன் தங்கள் குடிசைகளுக்குத் தாங்களே தீ வைக்கும்படி துப்பாக்கி முனையில் உத்தரவிட்டார்கள். பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் இதுதான். நிலம் போனதைவிட, தன் கூரையில் தன் கையால் நெருப்பு வைத்ததுதான் அவர்கள் வாயில் முதலில் வருகிறது. கொண்டுபோய் இறக்கிய இடம் தெற்கே நிட்லவேனி என்ற வறண்ட காடு. அது பின்னால் கசான்குலு என்ற தாயகத்தின் பகுதியானது. அங்கே மகுலேகே, மபலிக்வே, மகாஹ்லுலே என்று மூன்று கிராமங்கள் எழுந்தன. இன்னொரு அவமானமும் சேர்ந்தது. புது இடத்தில் அவர்களுடைய தலைவர் அண்டைத் தலைவர் மிங்காவின் கீழ் வைக்கப்பட்டார். ஊரும் போய், தலைமையும் போனது. இந்தத் தலைமைச் சண்டையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிலத்தைத் திரும்பக் கேட்டபோது, நிலத்துக்காக மட்டும் அவர்கள் கேட்கவில்லை. 'நாங்கள் தனிக் குடி' என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

சட்டம் திறந்த கதவு

1994இல் மண்டேலா அரசு வந்தது. புதிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய முதல் சட்டங்களில் ஒன்று நிலவுரிமை மீட்புச் சட்டம். 1913 ஜூன் 19க்குப் பிறகு இனப் பாகுபாட்டுச் சட்டங்களாலோ நடைமுறைகளாலோ நிலம் இழந்தவர்கள் கோரிக்கை வைக்கலாம் என்றது அது. அந்தத் தேதிக்குக் காரணம் உண்டு. கறுப்பர்கள் நிலம் வாங்குவதை நாட்டின் ஏழு சதவீதப் பரப்புக்குள் அடைத்த பூர்வகுடி நிலச்சட்டம் அன்றைக்குத்தான் நடைமுறைக்கு வந்தது. நகரங்களை இனவாரியாகப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் வீடிழந்தவர்களுக்கும் இதே கதவு திறந்தது. டர்பனின் கேட்டோ மேனரில் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்த இந்திய வம்சாவளிக் குடும்பங்களும் இந்தச் சட்டத்தின் கீழ் மனுச் செய்தன. அவர்களில் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. அங்கே பெரும்பாலும் பணமாகத் தீர்த்தார்கள். நகரத்தில் இழந்த மனையில் வேறு யாரோ வீடு கட்டியிருப்பார்கள்.

பஃபூரியில் வீடு கட்டியவர் யாரும் இல்லை. யானைதான் இருந்தது. 1995 இறுதியில் மகுலேகே மக்கள் மனுப் போட்டார்கள். ஏழை எளியவர்களுக்காக வழக்காடும் சட்ட வள மையத்தின் வழக்கறிஞர்கள் கூட நின்றார்கள். ஜெர்மன் அரசின் தொழில்நுட்ப உதவி அமைப்பான ஜி.டி.இசட்டும் கைகொடுத்தது. பூங்கா நிர்வாகம் அரண்டுபோனது. க்ரூகர் தென்னாப்பிரிக்காவின் பெருமை, அதில் ஒரு செங்கல்லை உருவினால் சுவரே சரியும் என்றார்கள். பூங்காவின் மற்ற பகுதிகளுக்கும் உரிமை கோரப் பலர் காத்திருந்தார்கள் என்பதால் அந்தப் பயத்தைப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் 1998இல் உடன்பாடு. நில உரிமை நீதிமன்றம் அதே ஆண்டில் அதை உறுதிசெய்தது. 22,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் மகுலேகே மக்களின் பெயருக்கு வந்தது. இதற்காக அவர்கள் ஒரு பொதுச்சொத்துச் சங்கம் அமைத்தார்கள். தனி ஆளுக்குப் பட்டா கிடையாது, ஊருக்குப் பட்டா. 1996இல் வந்த ஒரு சட்டம் இப்படிப்பட்ட சங்கங்களுக்கு வழி செய்திருந்தது: உறுப்பினர் பட்டியல், விதிமுறை, தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு.

பட்டா வாங்கிய கையோடு நிலத்தைத் திரும்பப் பூங்காவிடம் ஒப்படைத்தார்கள். 50 ஆண்டு ஒப்பந்தம். பூங்காவின் ஒரு பகுதியாகவே அது தொடரும். சுரங்கம் தோண்டக் கூடாது. உழக் கூடாது. குடியிருக்கவும் கூடாது. சுற்றுலாவுக்கான லாட்ஜ் கட்டலாம், அதில் வேலை பார்க்கிறவர்கள் தங்கலாம், அவ்வளவுதான். பதிலாக, அந்த நிலத்தில் எந்த வியாபாரம் நடந்தாலும் அந்த உரிமை முழுக்கச் சங்கத்துக்கு. அன்றாடக் காட்டுப் பராமரிப்பு பூங்கா நிறுவனத்தின் வேலை. இரண்டு தரப்பையும் உட்கார வைக்க ஒரு கூட்டு நிர்வாக வாரியம். சம எண்ணிக்கையில் பிரதிநிதிகள், மாறி மாறித் தலைமை.

உலகம் கைதட்டியது. காடும் தப்பியது, நீதியும் நடந்தது. மாநாட்டுக்கு மாநாடு மகுலேகேயின் பெயர் முன்மாதிரியாகச் சொல்லப்பட்டது. எனக்கு அந்தக் கைதட்டல் சற்று உறுத்துகிறது. எந்த மண்ணில் குடிசையை எரிக்கச் சொன்னார்களோ, அந்த மண்ணில் ஒரு குடிசை போட்டு அடுப்பு மூட்டக்கூடாது என்பது தீர்வின் முதல் நிபந்தனை. அந்தத் தடையை எழுதியது புதிய ஜனநாயக அரசு. கையெழுத்துப் போட்டவர்கள் இழந்தவர்களே.

ஏன் ஒத்துக்கொண்டார்கள்?

மிரட்டி வாங்கிய கையெழுத்து என்று சொல்லிவிட்டால் கட்டுரை எழுதுகிறவனுக்கு வேலை எளிது. நடந்தது அப்படியில்லை. நிட்லவேனிக்கு வந்து முப்பது ஆண்டு ஆகிவிட்டது. அங்கே பள்ளிக்கூடம் வந்துவிட்டது, சாலை வந்துவிட்டது, இறந்தவர்களை அங்கேயும் புதைத்துவிட்டார்கள். யானையும் சிங்கமும் மலேரியாவும் இருக்கும் ஆற்றங்கரைக்கு மூட்டை முடிச்சோடு திரும்ப இளைஞர்கள் தயாராக இல்லை. நீதிமன்றத்துக்கே போய்ப் பூங்காவோடு கடைசிவரை மோதினால் பத்து வருஷம் ஆகலாம், தோற்கவும் தோற்கலாம். மறுபக்கம், க்ரூகரின் மிக அழகான மூலையில் லாட்ஜ் நடத்தும் உரிமை. கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்தார்கள். பட்டா கையில் இருக்கட்டும், பணம் வரட்டும், பேரப்பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும்.

ஆனால் நிலம் வருமானம் தரும் சொத்து மட்டும்தான் என்று ஒரு குடி ஒத்துக்கொள்ளும்போது, அதைப் பொருளாதார முடிவு என்று மட்டும் பதிவது எனக்கு இடிக்கிறது. மகுலேகேயின் பெரியவர்கள் பலருக்கு அது மூதாதையர் கல்லறை இருக்கும் இடம்.

முதல் சோதனை 2000இல் வந்தது. லாட்ஜ் கட்ட முதலீட்டாளர் கிடைக்கும்வரை கையில் காசு வேண்டும். ஒப்பந்தத்தில் 'நீடித்த பயன்பாடு' என்ற சொல் இருந்தது. சங்கம் ஒரு சில யானைகளையும் எருமைகளையும் வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்கு விற்றது. ஒரு யானைக்கு அவர்கள் கொடுக்கும் தொகை ஒரு கிராமத்துக்குப் பெரிய தொகை. க்ரூகருக்குள் துப்பாக்கி வெடித்தது என்றதும் பத்திரிகைகளும் வனஉயிர் ஆர்வலர்களும் கொதித்துப்போனார்கள். அதே பூங்காவில், நிர்வாகமே 1994 வரை யானைகளின் எண்ணிக்கை கூடிவிட்டது என்று பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கில் சுட்டுக் குறைத்துக்கொண்டிருந்தது. இறைச்சி பதப்படுத்தும் ஆலை ஸ்குகூசாவிலேயே இருந்தது. அப்போது அதற்குப் பெயர் 'மேலாண்மை'. மகுலேகே ஒன்றிரண்டு சுட்டால் 'பேராசை'. வேட்டைச் சுற்றுலா எனக்கு உவப்பான விஷயமல்ல. ஆனால் யார் கையில் துப்பாக்கி இருக்கிறது என்பதைப் பார்த்து மாறும் அறம் அதைவிட உவப்பற்றது.

வேட்டைப் பணத்தில் பள்ளிக்கு உதவினார்கள், கிராமத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். லாட்ஜ்கள் வந்ததும் வேட்டை நின்றது. சுற்றுலா பார்க்க வருகிறவன் பக்கத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்க விரும்பமாட்டான். மலை விளிம்பில் ஒரு லாட்ஜ், லுவுவு ஆற்றங்கரையில் ஒரு பெரிய முகாம், வனவழிகாட்டிகளுக்குப் பயிற்சி தரும் ஒரு கூடாரமுகாம். முதலீடு தனியார் நிறுவனங்களுடையது. விற்றுவரவில் ஒரு பங்கு சங்கத்துக்கு, வேலையில் முன்னுரிமை ஊராருக்கு. உள்ளூர் இளைஞர்கள் பலர் வழிகாட்டிகளானார்கள், சிலர் ரேஞ்சர்களானார்கள். இது சின்ன விஷயமில்லை.

அதே நேரம், காட்டுச் சுற்றுலாவை நம்பிய வருமானத்துக்கு அடித்தளம் மணல்தான். 2013 ஜனவரியில் லுவுவுவில் வந்த வெள்ளம் ஆற்றங்கரை முகாமை அடித்துக்கொண்டு போனது. வேறு நிறுவனம் வந்து அதை மறுபடி எழுப்ப வேண்டியிருந்தது. 2020இல் கொரோனா வந்தபோது நாடு முழுக்க லாட்ஜ்கள் பூட்டப்பட்டன. உழுது பிழைக்கிறவனுக்கு மழை பொய்த்தால் பஞ்சம். இவர்களுக்கு பெர்லினிலோ நியூயார்க்கிலோ யாரோ பயணத்தை ரத்து செய்தால் பஞ்சம்.

கூட்ட அறை

கூட்டு நிர்வாகம் என்ற சொல்லைக் கேட்டால் இரண்டு பேர் ஒரு வண்டியை இழுப்பது போலிருக்கிறது. நடைமுறையில் ஒரு தரப்பில் சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள், வழக்கறிஞர்கள், வரைபடம், கணினி, நூறாண்டுப் பழக்கம். இன்னொரு தரப்பில் வேலைவெட்டியை விட்டுவிட்டு, ஊரிலிருந்து வண்டி பிடித்து வரும் மூன்று நான்கு பேர். கூட்டத்தில் வைக்கப்படும் காகிதம் ஆங்கிலத்தில் இருக்கும். வாரியத்தில் எண்ணிக்கை சமம்தான். ஆனால் காய்ந்த புல்லுக்குத் தீவைப்பது எப்போது, எந்த விலங்கைக் கொண்டுவந்து விடுவது, எந்தச் சாலையை மூடுவது என்ற கேள்விகளில் யார் வாயைப் பார்த்து எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும்.

உலகம் இவர்களை 'முன்மாதிரிப் பழங்குடி' ஆக்கிவிட்டதில் இன்னொரு சிக்கல் இருப்பதாக ஸ்டீவன் ராபின்ஸ், கீஸ் வான் டெர் வால் என்ற இரண்டு மானுடவியலாளர்கள் 2008இல் எழுதினார்கள். ஒரே குரலில் பேசும், இயற்கையோடு இயைந்த சமூகம் என்ற படத்துக்கு ஏற்ப நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உள்ளே சண்டை இருக்கிறது என்று சொன்னால் படம் கிழிந்துவிடும்.

உள்ளே சண்டை இல்லாமல் எந்த ஊர் இருக்கிறது? பரம்பரைத் தலைமைக்கும் தேர்தலில் வரும் குழுவுக்கும் அதிகாரம் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்ற இழுபறி தென்னாப்பிரிக்காவில் இப்படிப்பட்ட பல சங்கங்களில் நடக்கிறது. யார் உறுப்பினர், வரும் பணம் பொதுக்கட்டடத்துக்கா வீட்டுக்கு வீடா, கணக்கை யார் பார்ப்பது? நம்மூர்க் கோயில் நிலக் குத்தகையைப் பற்றி ஒருமுறையாவது கேட்டவர்களுக்கு இது புரியும். அரசாங்கம் நிலத்தைத் திருப்பிக் கொடுத்த வேகத்தில், அதை நிர்வகிக்கக் கணக்காளரையும் பயிற்சியையும் கொடுக்கவில்லை என்பது மீட்புச் சட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் சொல்லும் குறை. அது நியாயமான குறை என்றே எனக்கும் படுகிறது.

வேறு மாதிரிச் செய்திருக்க முடியாதா? அதே நாட்டில், வடமேற்குப் பாலைவனத்தில் ரிக்டர்ஸ்வெல்ட் இருக்கிறது. 1991இலேயே அங்கே நாமா மக்களோடு ஒப்பந்தம் போட்டுப் பூங்கா அமைத்தார்கள். ஆடு மேய்ப்பது அங்கே தொடர்கிறது. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையை 1985 அக்டோபர் 26 அன்று அனாங்கு மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் அதைத் தேசியப் பூங்காவாக 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசுக்கு விட்டார்கள். அங்கே நிர்வாக வாரியத்தில் 12 பேர், அதில் எட்டுப் பேர் அனாங்கு. பூங்காவுக்குள்ளேயே முடிஜுலு என்ற அவர்களுடைய ஊர் இருக்கிறது. பாறை மேல் ஏறாதீர்கள் என்று அவர்கள் பல்லாண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாரியம் முடிவெடுத்து, 2019இல், ஒப்படைத்த அதே தேதியில், ஏறும் வழியை மூடினார்கள். வருமானம் குறையுமே என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள், மூடினார்கள். பெரும்பான்மை இருந்தால் இதெல்லாம் நடக்கும். சம எண்ணிக்கை இருந்தால் கூட்டம் நடக்கும்.

பஃபூரியையும் உலுருவையும் ஒரே தராசில் வைப்பது முழு நியாயமில்லைதான். உலுருவில் சிங்கம் இல்லை, யானை இல்லை. மூன்று நாட்டு எல்லையும் இல்லை. பஃபூரி 2002 டிசம்பர் 9 அன்று தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக், ஜிம்பாப்வே மூன்று நாட்டு அதிபர்களும் மொசாம்பிக் நகரமான ஷாய்ஷாயில் கையெழுத்திட்ட பெரும் லிம்போபோ எல்லைகடந்த பூங்காவின் நடுநாடி. இந்தப் பெரிய வரைபடத்தில் விலங்குகள் நாடு விட்டு நாடு போகும். அக்கரையில் இருக்கும் உறவினரைப் பார்க்க மனிதருக்குப் பாஸ்போர்ட் வேண்டும்.

மகுலேகேயின் வெற்றி மற்றவர்களுக்குக் கதவைத் திறந்ததா என்று கேட்டால், கசப்பான பதில்தான். க்ரூகரின் வேறு பகுதிகளுக்கு உரிமை கோரிய சமூகங்களுக்கு நிலம் திரும்பக் கிடைக்காது, வேறு வகையில் ஈடு தரலாம் என்று 2008இல் தென்னாப்பிரிக்க அமைச்சரவை முடிவெடுத்தது. பூங்கா நாட்டின் பொதுச்சொத்து, சுற்றுலா வருமானம் முக்கியம் என்பது காரணம். முன்மாதிரி என்று ஊரெல்லாம் காட்டிய ஒன்றை, அதே பூங்காவில் இரண்டாவது முறை செய்ய அரசே தயாராக இல்லை. கைதட்டலை என்னால் நம்பமுடியாமல் போனது இந்த இடத்தில்தான்.

மகுலேகேயை அதற்காகக் குறைத்துச் சொல்ல முடியாது. பட்டா இன்று அவர்கள் பெயரில் இருக்கிறது. லாட்ஜ் நடத்துகிறவன் அவர்களிடம் வந்துதான் ஒப்பந்தம் போட வேண்டும். அந்தப் பகுதியைப் பூங்காவின் வழிகாட்டிகளே இப்போது 'மகுலேகே' என்று சொல்கிறார்கள். வரைபடத்திலிருந்து ஒருமுறை துடைக்கப்பட்ட பெயர் அது.

ஒப்பந்தத்தின் முதல் 25 ஆண்டு 2023 வாக்கில் முடிந்தது. மிச்சமிருப்பது 2048 வரை. 1969இல் லாரியில் ஏற்றப்பட்டபோது பத்து வயதாக இருந்த குழந்தைக்கு அப்போது 89 வயது இருக்கும்.